எந்த மூளைக்காய்ச்சல் என்று கேளுங்கள்

கள்ளிக்காட்டில் நெய்யாற்றை மறித்து அணை கட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அங்கிருந்து புறப்படும் கால்வாய்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்து வயல்களுக்காக வெட்டப்பட்டவை. இடதுகரைக் கால்வாய் மாநில எல்லையைத் தாண்டி விளவங்கோடு வட்டத்துக்குள்ளும் நுழைகிறது. வெட்டியவர்கள் நெல்லையும் வாழையையும் மனதில் வைத்து வெட்டினார்கள். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆறும் கால்வாயும் குளமும் முதலில் குளிக்கும் இடம், நீச்சல் பழகும் இடம், பள்ளி விட்டதும் சட்டையைக் கழற்றிக் கரையில் எறியும் இடம். தண்ணீரோடு இப்படி வாழ்ந்து பழகிய ஊர்களுக்கு 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு செய்தி வந்தது. நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூர் ஊராட்சியில், கண்ணறவிளையைச் சேர்ந்த ஓர் இளைஞர் காய்ச்சலும் தலைவலியுமாகப் படுத்து, ஜூலை 23ஆம் தேதி இறந்துபோனார். அவர் இறங்கிய காவின்குளத்தில் இறங்கிய வேறு சிலருக்கும் அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் கண்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்த எல்லை ஊர்கள் சரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதல் மரணம் நிகழ்ந்ததும் மருத்துவர்கள் குளத்தைப் பற்றிக் கேட்டார்கள். யாரெல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கினார்கள் என்று சுகாதாரத் துறையினர் வீடு வீடாகத் தேடிப் போனார்கள். காய்ச்சல் இருந்தவர்களைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று, முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தபோது அமீபா இருந்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ எல்லாரையும் கொன்றுவிடும் நோய் என்று பாடப்புத்தகங்கள் எழுதி வைத்திருந்த நோய் அது. அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை நெக்லேரியா அமீபா தாக்கிய 164 பேரில் பிழைத்தவர்கள் நான்கே பேர். அந்த 2024ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் அமீபிக் மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற பத்துப் பேர் குணமாகி வீடு திரும்பினார்கள். காலா அசார் நோய்க்குக் கொடுக்கப்படும் மில்டெஃபோசின் என்ற மருந்து ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்டது. மருந்து உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி உதவியது: ‘எந்தக் குளத்தில் குளித்தீர்கள்?’ முதலில் போனவருக்கு அந்தக் கேள்வி காலத்தில் கிடைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு, அவருடைய மரணத்தாலேயே, அது முதல் நாளே கிடைத்தது.

எனக்கு இது வெறும் செய்தி அல்ல. என் சித்தப்பா மகளுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் ஒரு மருத்துவமனையில் கிடந்து, உயிரோடு வந்தாள், காது போய்விட்டது. வீட்டுக்கு வந்த மறுநாள் சித்தி பின்னால் நின்று சோற்றுப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டித் தட்டிக் கூப்பிட்டதும், அவள் திரும்பாமல் தரையில் சிரட்டையை உருட்டிக்கொண்டிருந்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவளை அனுப்பும்போது கொடுத்த சீட்டில் நோயின் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தது. பாக்டீரியாவா, வைரஸா, எந்தக் கிருமி, வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டுமா, எதுவும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு இப்போது நாற்பது கடந்துவிட்டது. எந்தக் கிருமி அவள் காதை எடுத்துக்கொண்டு போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

‘மூளைக்காய்ச்சல்’ என்பது நோயின் பெயர் அல்ல, நோய் போய் உட்கார்ந்த இடத்தின் பெயர். எல்லை தாண்டினால் அதையே ‘மஸ்திஷ்க ஜ்வரம்’ என்பார்கள். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வழியால், வேகத்தால், தடுக்கும் முறையால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நோய்கள் அடைந்து கிடக்கின்றன. மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா மனிதர் தொண்டையிலிருந்து மனிதர் தொண்டைக்குப் போகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசுவோடு வருகிறது. காசநோய்க் கிருமி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மூளையின் உறையை அரிக்கிறது. அமீபா தண்ணீரிலிருந்து மூக்கு வழியாக ஏறுகிறது. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது. இது தெரியாததால் இரண்டு விதமான தீமை நடக்கிறது. அமீபா நோயாளியின் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அவர்கள் பிள்ளையைப் பள்ளியில் தனியே உட்கார வைக்கிறார்கள். மெனிங்கோகாக்கஸ் நோயாளியின் வீட்டிலோ, உண்மையிலேயே அன்றைக்கே மருந்து விழுங்க வேண்டிய அண்ணனும் தம்பியும், கொசுவலை கட்டிவிட்டால் போதும் என்று நினைத்துத் தூங்கப் போகிறார்கள்.

மெனிங்கோகாக்கஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே அதிவேகமானது அதுதான். 1805இல் ஜெனீவா நகரத்தில் இந்த நோயின் பரவல் முதன்முதலாக விவரித்து எழுதப்பட்டது. 1887இல் வியன்னாவில் வெய்க்செல்பாம் என்ற மருத்துவர், இறந்தவர்களின் முதுகுத்தண்டு நீரிலிருந்து கிருமியைக் கண்டுபிடித்தார். காப்பிக்கொட்டை இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்ததுபோல் இணை இணையாக இருக்கும். விசித்திரம் என்னவென்றால், இந்தக் கிருமி நம்மிடையே சாதாரணமாக வாழ்கிறது. பத்துப் பேரில் ஒருவர் வரை இதைத் தொண்டையின் பின்புறத்தில் சுமந்துகொண்டு, ஒரு தும்மல்கூட இல்லாமல், தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இருமலிலும், நெருங்கிப் பேசும்போது தெறிக்கும் எச்சிலிலும், ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பதிலும் அது இடம் மாறுகிறது. மிகச் சிலரிடம் மட்டும், ஏன் என்று முழுதாக விளங்காத காரணத்தால், தொண்டையின் சுவரைத் துளைத்து ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. இறங்கிய பிறகு நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான்.

அந்த மணிக் கணக்கைப் பற்றி பிரிட்டனில் 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் எந்த மணியில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். நாம் எல்லாரும் அறிந்த அடையாளங்கள், அதாவது கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, தோலில் ரத்தப் புள்ளிகள், சித்தம் கலங்குதல் ஆகியவை பெரும்பாலும் பதின்மூன்று மணி நேரத்துக்குப் பிறகே தோன்றின. ஆனால் அதற்கு முன்னாலேயே, சராசரியாக எட்டாவது மணி நேரத்தில், மூன்று சின்ன அடையாளங்கள் வந்திருந்தன: கால் வலி, உடம்பு கொதிக்கும்போதே கையும் காலும் சில்லிட்டுப்போதல், தோலின் நிறம் வெளிறியோ திட்டுத் திட்டாகவோ மாறுதல். இந்த மூன்றையும் எங்கள் ஊர் அம்மாக்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? பிள்ளைக்குப் பனியடிக்கிறது என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். ‘கால் வலிக்குது அம்மா’ என்று காய்ச்சலுக்கிடையில் குழந்தை அழுதால், விளையாடியதால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்து உறங்க வைக்காதீர்கள்.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைப்பை எதிர்பார்க்கவே கூடாது. பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் அடங்காமல் இன்னும் வீறிட்டு அழுவது, துணிபோலத் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, இவைதான் அங்கே பேசும். தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது மங்கும். மங்காமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியதுதான். நம் நிறத்துத் தோலில் புள்ளி எளிதில் கண்ணுக்குப் படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம், வாயின் மேல் அண்ணம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். அதே சமயம், புள்ளி வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. புள்ளியே வராமல் இறந்தவர்கள் உண்டு. சரியான சிகிச்சை கிடைத்தாலும் நூறில் பத்துப் பேராவது இறக்கும் நோய் இது. பிழைப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு குறையோடு மிஞ்சுகிறார்: காது, வலிப்பு, வெட்டி எடுக்கப்பட்ட விரல் அல்லது கால். காது என்று எழுதும்போது சித்தி தட்டிய கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இப்போது முதுகு ஊசிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் உயிரைப் பறிக்கும் பயங்களில் முதன்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். ‘முதுவுல ஊசி குத்தித் தண்ணி எடுத்தா காலு விளங்காது, ஒப்பு போடாதீங்க’ என்று வார்டு வராந்தாவில் யாராவது ஒரு மாமா சொல்லுவார். நல்ல மனதோடுதான் சொல்லுவார். அப்பா கையெழுத்துப் போடத் தயங்குவார். பிள்ளையை எழுதி வாங்கிக்கொண்டு வேறு மருத்துவமனைக்குக் கிளம்புவார்கள். அங்கேயும் அதையே கேட்பார்கள். இப்படி ஒரு பகல் போகும்.

உடலின் அமைப்பைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதலாம், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளின் இடைவெளியில் போகிறது. குழந்தைகளுக்கு இன்னும் கீழே. அந்த இடத்தில் தண்டுவடம் இல்லை. தண்ணீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, அவை ஊசி முனைக்கு விலகிக் கொடுக்கும். மூளையையும் தண்டையும் சுற்றி ஓடும் நீர் நம் உடம்பில் ஏறத்தாழ 150 மில்லி இருக்கிறது. உடம்பு நாள்தோறும் சுமார் 500 மில்லியைப் புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்கு எடுப்பது சில மில்லி. அது ஒரு மணி நேரத்துக்குள் ஊறிவிடும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும், அது உண்மை. கால் விளங்காமல் போகிறவர்களுக்குப் போவது நோயால். ஊசி தாமதமானதால்கூடப் போகிறது. மூளையில் அழுத்தம் மிகுந்திருந்தால் முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்காமல் தொடங்கிவிடுவார்கள். இவற்றைக் கையெழுத்துக் கேட்கும் நேரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர்கள் பேசும் பேச்சில் சொல்ல மருத்துவமனையில் ஒருவர் வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அது சில நேரம் தமிழாக இருக்கும், குழித்துறையிலும் ஆசாரிப்பள்ளத்திலும் சில நேரம் மலையாளமாக இருக்கும்.

அந்தச் சில மில்லி நீரில்தான் இந்த இரண்டு நோய்களும் சந்திக்கின்றன. மெனிங்கோகாக்கஸ் தாக்கினாலும் அமீபா தாக்கினாலும் முதுகுத்தண்டு நீர் ஒரே மாதிரி கலங்கியிருக்கும். வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், புரதம் கூடியிருக்கும். ஆய்வகச் சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பாக்டீரியா என்றே தோன்றும். பாக்டீரியாவுக்கு உடனே செஃப்ட்ரியாக்சோன் ஏற்றுவார்கள், அது சரியான செயல், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் அமீபாவுக்கு அது போதாது. அமீபாவைக் காண, எடுத்த நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், சூடு ஆறுமுன் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அப்படிப் பார்க்கச் சொல்ல மருத்துவருக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நோயாளியின் வீட்டார் மட்டுமே கொடுக்க முடியும். ‘டாக்டரே, பிள்ளைக்கு ரெண்டு நாளா பனி, தலைகுத்து, சர்த்தி’ என்று சொல்லும் அம்மா, அதோடு ‘போன ஞாயிற்றுக்கிழமை குளத்துல குதிச்சுக் குளிச்சான்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னால், அது மருந்துக்குச் சமம். அமீபா மூக்கில் ஏறிய நாளிலிருந்து ஒன்று முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் நோய் தொடங்கும். ஆகையால் முந்தைய இரண்டு வாரத்துக் குளியலை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பிள்ளைகளும் அடி விழும் என்று பயந்து குளத்துக்குப் போனதை மறைப்பார்கள். காய்ச்சல் நேரத்தில் குளத்துக்குப் போனதற்காக அடிப்பதில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே ஒரு சொல் கொடுத்துவிட வேண்டும்.

தடுப்பது எப்படி? மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியானால், நோயாளியோடு ஒரே வீட்டில் உறங்கியவர்கள், ஒரே விடுதி அறையில் தங்கியவர்கள், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தவர்கள் ஆகியோருக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு வேளை, அல்லது ரிஃபாம்பிசின் இரண்டு நாள், அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஓர் ஊசி. யாருக்கு எது என்று மருத்துவர் முடிவு செய்வார். தெருவுக்கே மாத்திரை விநியோகிக்க வேண்டியதில்லை. பள்ளியை மூட வேண்டியதில்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை நம் இரண்டு மாநிலங்களுக்கும் பெருமைப்பட ஒரு வரலாறு இருக்கிறது. மூளையுறைக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான மருந்தை உள்ளடக்கிய ஐந்து-நோய் தடுப்பூசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அரசுத் திட்டத்தில் தொடங்கப்பட்டது. அன்று எழுந்த பயமும் வாதமும் கொஞ்சமல்ல. இன்று அதைப் போடாத குழந்தை அரிது. நிமோகாக்கஸுக்கான தடுப்பூசியும் பிறகு சேர்ந்துவிட்டது. மெனிங்கோகாக்கஸுக்கு மட்டும் அரசின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இடம் இல்லை. இதற்கு ஒரு நியாயம் உண்டு. நம் நாட்டில் இது எப்போதும் எங்கும் பரவிக்கிடக்கும் நோய் அல்ல. டெல்லியில் 1966, 1985, 2005ஆம் ஆண்டுகளில் வந்ததுபோல, மேகாலயத்திலும் திரிபுராவிலும் 2008-09இல் வந்ததுபோல, அலையாக வந்து போவது. எல்லாக் குழந்தைக்கும் போட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் போட வேண்டியவர்களுக்கும் போடப்படாமல் இருக்கிறது என்பதுதான் என் குறை.

யார் அவர்கள்? ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போகிறவர்களுக்குத் தெரியும். 1987 ஹஜ் காலத்தில் பெரிய அளவில் பரவிய பிறகு சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டில் மெனிங்கோகாக்கஸின் டபிள்யூ வகை யாத்ரிகர்களோடு பல நாடுகளுக்குப் போன பிறகு, அது உட்பட நான்கு வகைக்கும் எதிரான ஊசி வேண்டும் என்றானது. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். பூவாறிலிருந்து யாத்திரை போகிறவர் இதைச் சான்றிதழுக்கான சடங்காக நினைத்துக் கடைசி நாளில் ஓடக் கூடாது. அவரையும் அவர் திரும்பி வந்து கட்டியணைக்கும் பேரக்குழந்தையையும் காக்கும் ஊசி அது. செவிலியர் வேலைக்கும் படிப்புக்கும் பிரிட்டனுக்குப் போகும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அங்கே முதலாமாண்டு விடுதி மாணவர்களுக்கு இந்த நோயின் ஆபத்து அதிகம்; டபிள்யூ வகை கூடியதால் 2015 முதல் பதின்பருவத்தினருக்கு நால்வகைத் தடுப்பூசி போடுகிறார்கள். நம் பிள்ளையும் அந்த விடுதிக்குத்தான் போகிறது.

யாரும் நினைக்காத இன்னொரு கூட்டம் உண்டு: மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து, அல்லது கரமனை - களியக்காவிளைச் சாலையில் பைக்கில் அடிபட்டு, வயிற்றுக்குள் மண்ணீரல் சிதைந்து, அதை வெட்டி எடுத்து உயிர் காக்கப்பட்டவர்கள். மெனிங்கோகாக்கஸ், நிமோகாக்கஸ், ஹிப் போன்ற உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்கு ஒரு சாதாரணக் காய்ச்சலும் அன்றிரவே எமனாகலாம். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது இந்தத் தடுப்பூசிகளைப் பற்றிச் சொல்லி அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியிருக்கவில்லை என்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.

மெனிங்கோகாக்கஸுக்கு எதிரான ஊசியைச் செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த மெனாஃப்ரிவாக் தடுப்பூசி 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கி, ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் பட்டை நாடுகளில் முப்பது கோடிப் பேருக்கும் மேல் போடப்பட்டது. ஓர் ஊசியின் விலை அரை டாலருக்கும் குறைவு. நூறாண்டுக் காலம் அந்த நாடுகளைக் கொன்று குவித்த ஏ வகைக் கிருமி, 2017க்குப் பிறகு அங்கே ஒரு நோயாளியிடம்கூட உறுதிசெய்யப்படவில்லை. அதே நிறுவனத்தின் ஐவகைத் தடுப்பூசியை 2024இல் நைஜீரியா முதலாவதாகப் போட ஆரம்பித்தது. நம் மண்ணில் செய்த மருந்து அத்தனை அம்மாக்களின் கண்ணீரைத் துடைத்ததை எண்ணி நான் நெகிழ்கிறேன். அந்த நெகிழ்ச்சியோடேயே கேட்கிறேன்: மண்ணீரல் இல்லாத ஒரு பனையேறிக்கு இந்த ஊசியை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்க நம்மால் முடியாதா? தனியார் மருத்துவமனையில் இதற்குக் கேட்கும் பணம் அவருடைய பல நாள் கூலி.

அமீபாவுக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் தடுப்பது அதைவிட எளிது. 1965இல் ஆஸ்திரேலியாவில் ஃபவ்லர் என்ற மருத்துவர் அடையாளம் காட்டிய இந்த அமீபா, சூடான தேங்கிய தண்ணீரில் செழிக்கும். 46 டிகிரி வரை தாங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் நோய் வராது. மூக்கில் ஏறினால்தான் வரும், மூக்கின் கூரையிலிருந்து மணம் அறியும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகும். குளோரின் பட்டால் செத்துவிடும். 2025இல் கேரளம் முழுவதும் நோயாளிகள் நூற்றைத் தாண்டினார்கள். கோழிக்கோடு மாவட்டத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்று இறந்தது. அந்தக் குழந்தை குளத்தில் குதித்திருக்க முடியாது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எல்லாரும் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். அந்த ஆகஸ்ட் கடைசியில் ‘ஜலமாணு ஜீவன்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்கக் கிணறுகளுக்கும் தொட்டிகளுக்கும் குளோரின் போடும் இயக்கத்தைக் கேரள அரசு நடத்தியது.

‘குளத்துக்கே போகாதே’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைத் தண்ணீர் கொல்லும், அது அமீபாவை விடப் பெரிய எண்ணிக்கை. பாசி பிடித்துத் தேங்கிய குளத்திலும் மாடு குளிப்பாட்டும் குளத்திலும் வேண்டாம். ஓடும் ஆற்றில் இறங்கினாலும் தலைகீழாகக் குதிக்காதே, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கு, அடிச்சேற்றைக் கலக்காதே, காதில் சீழ் வடிந்தால் இறங்காதே. இதைச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும். மூக்கைச் சுத்தம் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் கொதித்து ஆறிய நீரை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

எல்லைக்காரர்களாகிய நமக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. 1956 நவம்பர் வரை இது ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இன்றும் பாறசாலையில் வீடு, மார்த்தாண்டத்தில் கடை, நெய்யாற்றின்கரையில் சம்பந்தம் என்றுதான் வாழ்கிறோம். இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடுவது 2004இல் நின்று, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மனிதர் போக்குவரத்து ஒரு நாளும் நிற்கவில்லை. பாறசாலைக் குளத்தில் குளித்த பையனுக்கு நான்காம் நாள் மார்த்தாண்டத்தில் இருக்கும் அத்தை வீட்டில் காய்ச்சல் வரலாம். அங்கே பார்க்கும் மருத்துவர் குளத்தை அறியமாட்டார். அந்தக் குளத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு நோய் வந்த செய்தி கேரள சுகாதாரத் துறையின் ஏட்டில் இருக்கும். திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவ அலுவலரும் கன்னியாகுமரி மாவட்ட சுகாதார அலுவலரும் ஒரு தொலைபேசி அழைப்பில் அன்றன்றே பேசிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரிடமும் அந்தப் பக்கத்து ஆஷா பணியாளரிடமும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். குளக்கரையில் வைக்கும் எச்சரிக்கைப் பலகை இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமியின் கிணற்றுக்குக் குளோரின் போட்டோம். அவர்கள் மகன் ஒரு கயிற்றில் கல் கட்டி இறக்கினான். நனைந்த நீளத்தை அளந்தால் மூன்று மீட்டர். உறையின் விட்டம் இரண்டு மீட்டர். ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14ஆலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஒன்பதரைக் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர் என்பது கேரள சுகாதாரத் துறை சொல்லும் வழக்கமான அளவு. 24 கிராமை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து வாங்கி வந்தான். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டோம். சுண்ணாம்பு அடியில் தங்கியது. தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டினோம். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கவில்லை. மாமிக்குப் பொறுக்கவில்லை; தண்ணீர் கெட்டுவிடும், சோறு வேகாது என்று திண்ணையில் இருந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நேரம் ஆனதும் அவர்களே முதல் வாளியை இறைத்து, உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். ‘வாடை இருக்கு’ என்றார்கள். பிறகு அடுத்தது எப்போது என்று கேட்டு, காலண்டரில் தேதியைப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.